சேய்மைச் செயலழைப்பு

கணிப்பொறியில் இயங்கும் நிரலொன்று தன்னுள் அமைந்த செயற்கூற்றை வேண்டும்போது அழைத்துப் பணிகொள்ளுதல் இயல்பு. அச்செயற்கூறு நெடுந்தொலைவிலுள்ள வேறொரு பொறியில் இருப்பின் என் செய்வது? அருகிலிருப்பதை அழைப்பது போலவே அதனையும் அழைக்கும் முறைக்குச் சேய்மைச் செயலழைப்பு என்று பெயர். அமெரிக்க நாட்டில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பணிபுரிந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் என்னும் இருவர், இதனை அமைக்கும் வகையை 1984ஆம் ஆண்டில் விளக்கி எழுதினர். கூகுள் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'ஜிஆர்பிசி' இம்முறையின் வழிவந்ததே.

இதில் இடர் ஒன்று உண்டு. அழைப்பும் விடையும் மக்கள் படிக்கும் எழுத்தாக அமையாமல், பெரும்பாலும் இரும எண்களாகச் செறிக்கப்பட்டுச் செல்கின்றன. செய்தி சுருங்குதலும் விரைவு மிகுதலும் இதனால் வரும் நன்மைகள். ஆனால் பிழை நேர்ந்தவிடத்து, அஃது அழைத்த பொறியினதோ விடையிறுத்த பொறியினதோ என ஆராய்பவர், அறியா மொழியில் இருவர் வழக்காடக் கேட்ட நடுவரைப் போல மயங்குவர்.

இம்மயக்கம் தீர்க்க உதவுவது 'ஜிஆர்பிகர்ல்' என்னும் கருவி. இதற்குப் படங்களும் பொத்தான்களும் இல்லை. கட்டளையை ஒரு வரியாகத் தட்டெழுதி ஏவுதல் வேண்டும். ஒரு நூலகத்தின் நூற்பட்டியல் சேய்மைப் பொறியொன்றில் உள்ளதெனக் கொள்வோம். கருவியின் பெயரையும், அப்பொறியின் முகவரி, வாயில் எண் ஆகியவற்றையும் எழுதி, 'லிஸ்ட்' என்னும் சொல்லைச் சேர்த்தால், அப்பொறி ஆற்றும் பணிகளின் பெயர்கள் திரையில் தோன்றும். 'டிஸ்கிரைப்' என்னும் சொல், ஒரு பணிக்கு நாம் ஈய வேண்டுவன எவை, திரும்பப் பெறுவன எவை என விரித்துக் காட்டும். பின்னர் நூலின் எண்ணைப் படிக்கத்தக்க எழுத்தில் கொடுத்தால், கருவி அதனை இரும வடிவாக்கி அனுப்பி, வரும் விடையை மீண்டும் எழுத்தாக்கித் தரும்.

ஆயின், தன் பணிகளைத் தானே எடுத்துரைக்கும் 'ரிஃப்ளெக்ஷன்' என்னும் வசதி அப்பொறியில் திறந்திருத்தல் வேண்டும். பாதுகாப்புக் கருதி அதனை மூடிவைப்பாரும் உளர். அங்ஙனமாயின், பணிகளின் அமைப்பை வரையறுத்த 'புரோட்டோ' கோப்பை நாமே கருவிக்குக் காட்டல் வேண்டும். இலக்கணம் அறியாது பொருள் காண இயலாமை பொறிகளுக்கும் உரியதென்று அறிந்து, என் போன்ற புலவர் சிறிது மகிழ்வர்!

அழைப்பின் முடிவைக் குறிக்க 0 முதல் 16 வரை எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. 0 என்பது பணி நன்கு முடிந்தமையையும், 5 என்பது தேடிய பொருள் இல்லாமையையும் குறிக்கும். பிழை நேரின் அதன் பெயரைக் கருவி காட்டும். இவற்றுள் 4 என்பதைக் கருத்தூன்றி அறிதல் வேண்டும். குறித்த காலத்துள் விடை வரவில்லை என்பதே அதன் பொருள். பணி நடக்கவில்லை என்பதன்று. பணி முடிந்து, விடை மட்டும் வழியில் தாழ்த்திருக்கலாம். நூலின் பெயரைக் கேட்டவர் மீண்டும் கேட்பதால் தீங்கில்லை. பணம் செலுத்தும் பணியை அழைத்தவரோ, உடனே மீண்டும் அழைத்தால் ஒரே தொகையை இருமுறை இழக்கவும் நேரும். ஆதலின் அவர், தொகை சேர்ந்ததா என வினவும் வேறொரு பணியை முதற்கண் அழைத்து, அதன் விடை கண்ட பின்னரே மேற்செல்வர்.