திரையரங்கிற்கு அப்பால்: பார்வையாளர் ஆய்வு முறைகளும் காயல்பட்டினமும்

ஆய்வுச்சுருக்கம்

ஊடகப் பார்வையாளர் ஆய்வில் யாரிடம், எங்கே வினவப்படுகிறது என்பது முடிவையே மாற்றவல்லது. இராபர்ட் ஹார்ட்கிரேவ் முதலானோரின் ஆய்வுகளைக் கொண்டு இதனை விளக்கி, அம்முறைகள் காயல்பட்டினத்திற்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பார்வையாளர், மக்கள் கருத்து, கருத்து முன்னோடி, மாதிரித் தேர்வு, காயல்பட்டினம்

முன்னுரை

தமிழ்நாட்டில் பார்வையாளர் ஆய்வு பெரிதும் திரைப்படத்தைச் சார்ந்தே வளர்ந்தது. 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின், திரைக்கும் வாக்குக்கும் உள்ள உறவு அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது.

சமூகத்திலிருந்து திரைக்கு

டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஹார்ட்கிரேவ் திரைப்பட ஆய்விலிருந்து தொடங்கியவர் அல்லர். நாடார் சமூகத்தின் அரசியல் எழுச்சி குறித்த அவரது நூல் 1969-இல் வெளிவந்தது. திருநெல்வேலிப் பகுதி அதன் முதன்மைக் களங்களுள் ஒன்று. அதன் பின்னரே நடிகர்களுக்கும் தி.மு.க.வுக்கும் உள்ள உறவு பற்றி 1973-இலும், அந்தோணி நைட்ஹார்ட்டுடன் இணைந்து திரைப்படமும் அரசியல் உணர்வும் பற்றி 1975-இலும் எழுதினார். சமூகக் கட்டமைப்பை அறிந்தபின் பார்வையாளரை அணுகிய வரிசை இது.

பின்வந்தோர் வேறு வழிகளைக் கையாண்டனர். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் வெளியிட்ட நூலில், எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் ஏழை மக்களின் இசைவை எவ்வாறு பெற்றது என ஆராய்ந்தார். சாரா டிக்கி மதுரையின் ஏழை மக்களிடையே களப்பணி செய்து, 1993-இல் நூல் வெளியிட்டார். முன்னவர் பிம்பத்தை முதன்மையாகக் கொண்டார். பின்னவர் பார்ப்போரின் அன்றாட வாழ்வை முதன்மையாகக் கொண்டார்.

காயல்பட்டினம் எழுப்பும் வினா

காயல்பட்டினம் திரையரங்கு இல்லாத ஊர். இதனால் அங்கே பார்வையாளர் இல்லை என்றாகாது; தொலைக்காட்சியும் கைப்பேசியும் வீட்டையே அரங்காக்கியுள்ளன. ஆகவே ஆய்வின் களம் வீடாகிறது. அவ்வீட்டின் அமைப்பும் தனித்தன்மை உடையது: மணமான பின் கணவர் மனைவியின் வீட்டில் வாழ்வது இவ்வூர் வழக்கம். ஆடவர் பலர் தொழில் நிமித்தம் வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ளனர். பெண்கள் சென்றுவரக் குறுகிய முடுக்குகள் வீடுகளை இணைக்கின்றன.

இங்கே 'குடும்பத் தலைவர்' ஒருவரிடம் மட்டும் வினவினால் பிழை நேரும். வீட்டில் உள்ள வயதுவந்தோருள் ஒருவரைச் சார்பின்றித் தேர்ந்தெடுக்க லெஸ்லி கிஷ் 1949-இல் வகுத்த அட்டவணை, பெண்களின் விடையைப் பெற உதவும். ஆயினும் வெளிநாட்டில் இருந்தவாறே தொலைபேசி வழியாகக் குடும்பத்தின் கருத்தில் பங்கேற்கும் ஆடவர் அதில் இடம்பெறார்.

இக்குறையை நிரப்ப மற்றொரு மரபு துணைசெய்கிறது. பால் லாசர்ஸ்ஃபெல்டும் உடனாய்வாளரும் 1940-இல் அமெரிக்காவின் ஈரி மாவட்ட வாக்காளரை ஆராய்ந்து, ஊடகச் செய்தி கருத்து முன்னோடிகள் வழியே பிறரை அடைகிறது என்றனர். இதைச் சோதிக்கும் வகையில் டிகேட்டர் நகரில் சுமார் 800 பெண்களிடம் நிகழ்த்திய ஆய்வை, எலிகு காட்சும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955-இல் நூலாக்கினர். 'எதைப் பார்த்தீர்?' என்பதோடு 'அதைப் பற்றி யாரிடம் பேசினீர்?' எனவும் வினவுவது இம்மரபின் பயன். முடுக்கு வழிப் பேச்சும் கடல்கடந்த தொலைபேசி உரையாடலும் இவ்வினாவால் ஆய்வுக்குள் வருகின்றன.

முடிவுரை

திரையரங்கை அளவுகோலாக்கினால் காயல்பட்டினம் பார்வையாளரற்ற ஊராகத் தோன்றும். குடும்பத் தலைவரை அளவுகோலாக்கினால் பெண்கள் கருத்தற்றவராகத் தோன்றுவர். இவ்விரண்டும் முறையினால் விளையும் பிழைகளே. கணக்கெடுப்பில் இடம்பெறாதோரின் கருத்து 'மக்கள் கருத்து' என்ற பெயரில் வெளிவரும் முடிவிலும் இடம்பெறாது. ஆதலின் ஊரின் உறவுமுறையையும் குடியிருப்பு முறையையும் அறிந்தபின் வினாநிரல் வகுத்தலே பொருத்தமாகும்.