ஒரு நியூட்ரல் வயர் கற்றுத் தந்த வியாபாரப் பாடம்

கடையைக் கீழும் வீட்டை மேலும் வைத்திருப்பவர்கள் எம்மவர்களில் ஏராளம். நானும் அவ்வாறான ஒருவன். பலசரக்கோடு உறைந்த கோழியும் ஐஸ்கிறீமும் விற்கும் சிறிய கடை. மாடியில் குடும்பம். 2023 ரமழானில் எனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்தை வர்த்தக சகோதரர்களின் பயன் கருதி எழுதுகிறேன். சம்பந்தப்பட்டது ஒரேயொரு மின்குமிழ். ஆனால் நஷ்டம் சிறியதல்ல.

முன்னர் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மீட்டர்தான் இருந்தது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் பெருமளவு அதிகரிக்கப்பட்டபோது, வீட்டுப் பாவனைக்கும் வியாபாரக் கட்டணம் செலுத்துவது கட்டுப்படியாகவில்லை. எனவே வீட்டுக்கென வேறு இணைப்புப் பெற்றேன். உள் வயரிங்கை இரண்டாகப் பிரிக்கும் வேலையைக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்ட ஒரு பாஸிடம் ஒப்படைத்தேன். இரண்டு நாட்களில் முடித்துத் தந்தார். எல்லா விளக்குகளும் எரிந்தன. நானும் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்தனுப்பினேன்.

ரமழான் ஆரம்பித்த பின்னரே பிரச்சினை தலைதூக்கியது. தராவீஹ் முடிந்து கடையைப் பூட்டும்போது இரவு பதினொரு மணியாகும். காலையில் பத்து மணிக்குத் திறந்தால் ட்ரிப் சுவிச் விழுந்து கிடக்கும். ப்ரீசரின் அடியில் தண்ணீர். ஐஸ்கிறீம் முழுவதும் உருகியிருக்கும். எல்லா நாளும் அல்ல, சில நாட்களில் மட்டும். வேறு சில நாட்களில் கடை சரியாக இருக்கும், வீட்டு ட்ரிப் விழுந்துவிடும். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்றே நான் நினைத்தேன்.

பாஸை அழைத்தேன். ட்ரிப் சுவிச் பலவீனம் என்று சொல்லிப் புதியது பூட்டினார். நான்கு நாட்களில் மீண்டும் அதே கதை. அடுத்த முறை ப்ரீசரில் லீக் இருக்கிறது என்றார். ப்ரீசர் திருத்துபவர் வந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். மூன்றாவது முறை பாஸ் சொன்னார்: “முதலாளி, பெருநாள் முடியும்வரை ட்ரிப்பை டைரக்ட் பண்ணிவிடுவோம். பிறகு பார்க்கலாம்.”

உண்மையைச் சொல்வதானால், நான் கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டேன்.

இதற்கிடையில் கடையில் வேலை செய்யும் பையன் ஒரு விடயத்தைச் சொல்லியிருந்தான். “நானா, அந்தப் படி லைட் சுவிச்ச ஒருக்கா தட்டினாத்தான் ட்ரிப் மேல நிக்குது.” வீட்டுப் படிக்கட்டு விளக்குக்கும் கடை ட்ரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிரித்தேன். அதுமட்டுமல்ல, இரவில் பூட்டும்போது அவன்தான் மெயினை அணைத்துவிட்டுப் போகிறான் எனச் சந்தேகித்து, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் ஏசியும் விட்டேன். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை.

எமது பள்ளிவாசலுக்கு வரும் பெரியவர் ஒருவர், தொழில்நுட்பக் கல்லூரியில் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். டைரக்ட் பண்ணுவது பற்றி அவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “தொட வேண்டாம், நான் வருகிறேன்” என்றார்.

வந்தவர் சாமான் பையைத் திறக்கவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். எப்போது தொடங்கியது? அதற்கு முன் என்ன வேலை நடந்தது? எந்த நேரத்தில் விழுகிறது? அப்போது யார் எதைத் தொட்டார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை. பையனிடம் கேட்டார். அவன் மீண்டும் படி லைட்டைச் சொன்னான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வீட்டு மெயின் சுவிச்சை முழுமையாக அணைத்தார். கடையில் மட்டும் கரண்ட். படி லைட் சுவிச்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. வீட்டு விநியோகப் பெட்டியைத் திறந்து நியூட்ரல் கட்டையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது! மெயின் அணைக்கப்பட்ட வீட்டின் நியூட்ரலில் கரண்ட். எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

நடந்தது என்ன?

படிக்கட்டு விளக்குக்குக் கீழே ஒரு சுவிச், மேலே ஒரு சுவிச் என டூ வே முறையில் வயரிங் செய்திருந்தார்கள். ஒரே மீட்டர் இருந்த காலத்தில் கீழ் சுவிச்சுக்குக் கடையிலிருந்து லைவும், மேலே விளக்குக்குப் பக்கத்து அறையிலிருந்து நியூட்ரலும் எடுத்திருந்ததால் பிரச்சினை தெரியவில்லை. மீட்டர் பிரிந்தபோது லைவ் கடைக்கும் நியூட்ரல் வீட்டுக்கும் சொந்தமாகிவிட்டது. பாஸ் இதைக் கவனிக்கவில்லை.

ட்ரிப் சுவிச் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. லைவில் வெளியே போன கரண்ட் நியூட்ரலில் அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிட வேண்டும். எமது படி லைட் 9 வோட் எல்.ஈ.டி. 230 வோல்ட்டில் அது குறைந்தது 39 மில்லி அம்பியர் எடுக்கும். அது கடைக் கணக்கில் போய் வீட்டுக் கணக்கில் திரும்பியது. இரண்டு புத்தகத்திலும் கணக்குப் பிழை! முந்திக்கொண்ட ட்ரிப் விழும். அது விழுந்தவுடன் விளக்கின் சுற்று அறுந்துவிடுவதால் மற்றது தப்பிவிடும். ஆகவேதான் ஒரு நாள் கடை இருண்டது, ஒரு நாள் வீடு இருண்டது.

இரவில் படியேறும்போது சுவிச்சைப் போடுவேன். விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். பல்ப் போய்விட்டது என்று நினைத்து, செல்போன் வெளிச்சத்தில் ஏறிப் போய்ப் படுத்துவிடுவேன். கீழே பூட்டிய கடையில் ப்ரீசர் பதினொரு மணித்தியாலம் கரண்ட் இன்றிக் கிடக்கும். காலையில் யாராவது படிச் சுவிச்சைத் தட்டினால் ட்ரிப் மேலே நிற்கும். பாஸ் வரும் நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும்.

பரிகாரம் மிக எளிது. விளக்குக்குரிய நியூட்ரலை வீட்டிலிருந்து கழற்றி, கடைப் பெட்டியிலிருந்து 1/1.13 வயர் ஒன்றைக் குழாய்க்குள் இழுத்துக் கொடுத்தார். ஒன்றரை மணி நேர வேலை. அன்றிலிருந்து ட்ரிப் விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ட்ரிப்பை டைரக்ட் பண்ணியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் சொன்னார். வீட்டு மெயினை அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையில் ஒருவர் நியூட்ரலைத் தொட்டிருந்தால், படி லைட் வழியாகக் கடைக் கரண்ட் அவர் உடம்பில் பாய்ந்திருக்கும். தடுக்க எதுவும் இருந்திருக்காது. நாங்கள் கோளாறு என்று திட்டிய பொருள்தான் எங்கள் உயிரைக் காத்து நின்றிருக்கிறது.

சகோதரர்கள் கவனிக்க வேண்டியவை

1. மீட்டர் பிரித்தாலோ வயரிங் மாற்றினாலோ, பணம் கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். ஒரு பக்க மெயினை அணைத்தால் மற்றப் பக்க விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். பின்பு மாற்றிச் செய்யுங்கள். படிக்கட்டு, வாசல், பின்புற விளக்குகளை மறக்க வேண்டாம்.

2. எந்த சுவிச் எந்த அறைக்கு என்பதை விநியோகப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

3. ட்ரிப் விழுந்தால் நேரத்தையும், அப்போது போட்ட சுவிச்சையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். கடன் கொப்பி வைத்திருக்கும் எமக்கு இது பெரிய வேலையல்ல.

4. ட்ரிப்பை டைரக்ட் பண்ண ஒருபோதும் இடம்கொடுக்க வேண்டாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

5. வேலைக்கு வருபவர் முறையாகப் பயின்றவரா, என்.வி.கியூ. சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதில் வெட்கமில்லை. நான் கூலியில் மிச்சம் பிடித்ததைவிடப் பன்மடங்கு ப்ரீசரில் இழந்தேன்.

உருகிய ஐஸ்கிறீமையும் இளகிய கோழியையும் மீண்டும் உறைய வைத்து விற்கலாம் என்று யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். மனம் இடம்கொடுக்கவில்லை. குழி தோண்டிப் புதைத்தேன். அந்தப் பணம் போனது போனதுதான்.

ஆனால் பணத்தைவிட எனக்குக் கனத்தது வேறொன்று. வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரதுல் ஹுஜுராத் எமக்குக் கற்பிக்கிறது. நான் விசாரிக்காமலே ஓர் ஏழைப் பிள்ளை மீது பழி போட்டேன். உண்மையை முதலில் கண்டுபிடித்தவனும் அவனே. ஏசியது நாலு பேர் முன்னிலையில் என்பதால், மன்னிப்பையும் கடையில் ஆட்கள் நிற்கும்போதே கேட்டேன். “பரவாயில்ல நானா” என்று சொல்லிவிட்டு அவன் தராசடிக்குப் போய்விட்டான்.

இப்போது கடையில் ஏதாவது பழுதானால் முதலில் அவனைத்தான் கேட்கிறேன்.