காலையில் போக ஓர் இடம்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நீளும் இந்தக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீட்டையும் சேர்த்தே பேசுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது ஓர் அறையோடு நின்றுகொள்வார்கள். இந்த வழமை எங்கள் பெண்களுக்குத் தந்திருக்கும் பலம் பெரிது. ஆனால் அந்த வீட்டில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு மகனும் இருந்தால், வீட்டோடு சேர்ந்து அவரும் ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்ச் சேருகிறார். உறுதியில் அவர் பெயர் இல்லை. கலியாணப் பேச்சிலும் அவரைப் பற்றிப் பேச்சில்லை. மச்சான் நல்ல மனிதராக அமைந்துவிட்டால் அது அந்த மகனின் அதிர்ஷ்டம்.

“நான் மௌத்தாப் போனா இவனை ஆரு பார்ப்பாங்க?” இதை எந்த உம்மாவிடமும் நாம் தூண்டிக் கேட்கத் தேவையில்லை. பேச்சுத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவர்களே கேட்டுவிடுகிறார்கள்.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஒருவருடைய வாரிசுரிமையில் ஒரு சதத்தையும் குறைப்பதில்லை. மார்க்கம் மகனுக்கு வைத்த பங்கு அவருக்கும் முழுதாக உண்டு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின் கீழும் அப்படித்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீடு வளவெல்லாம் சீதனமாகப் போய்விட்ட பிறகு, மௌத்தாகும்போது பங்கிட என்ன மிஞ்சும்? குறைபாடுள்ளவர் மகளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கலியாணத்தோடுதான் வீடு என்ற வழமையில், கலியாணம் நடக்காத பெண்ணுக்கு வீடும் இல்லாமல் போய்விடுகிறது.

ஆகவே ஏற்பாட்டை உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். சீதன உறுதி எழுதும்போது பெற்றோர் தங்களுக்கென்று ஆயுள் உரித்தை வைத்துக்கொள்வதுண்டு. அதே உறுதியில் அந்தப் பிள்ளை ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் எழுத என்ன வழி என்று நொத்தாரிசிடம் கேட்கலாம். சிறு துண்டுக் காணியையோ ஒரு கடை அறையையோ ஹிபாவாக, அதாவது நன்கொடையாக, அவர் பெயருக்கே கொடுத்து, அதைப் பராமரிப்பவர் யார் என்று குடும்பத்தார் முன்னிலையில் முடிவு செய்யலாம். மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும், சொல்லாமல் மறைத்துச் செய்த கலியாணத்தில் அந்தச் சகோதரி இரண்டு பக்கமும் இழுபட்டுத் தேய்வதை இந்த ஊர்களில் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

முந்திய தலைமுறைக்கு உம்மாமாரின் அந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில்கூட அவர்களுடைய சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 வருடங்களாகத்தான் இருந்தது. இன்று அது 60ஐ நெருங்கியிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறப்பிலேயே இதயத்தில் கோளாறு இருக்கும்; அதைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்ய முடிந்தது பெரிய காரணம். எங்கள் பக்கத்திலும் தாய்க்குப் பிறகும் வாழப்போகிற பிள்ளைகள் இப்போது வளர்ந்து ஆளாகிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களைப் போலவே ஓட்டிசம் உள்ளவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் என்று ஒவ்வொருவரின் தேவையும் வேறு வேறு. ஆனால் பாடசாலை முடிந்த மறுநாள் எல்லார் வீட்டிலும் ஒன்றுபோலவே விடிகிறது. சீருடை இல்லை, போக இடமில்லை.

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. அங்கே ஓர் ஆசிரியை பொறுமையாக இருந்து, பொத்தான் போடவும் எண்ணவும் பெயர் எழுதவும் பழக்கியிருப்பார். வீட்டில் சும்மா உட்காரத் தொடங்கிய பிறகு அதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. உடம்பு பருக்கிறது. கோபம் வருகிறது. கோபம் வந்தால் மாத்திரை. மாத்திரையால் இன்னும் மந்தம். வருத்தம் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரையில் பல வீடுகளில் முற்றியிருப்பது வெறுமைதான்.

அரசு தரப்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இல் வந்தது, இலக்கம் 28. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. வருமானம் குறைந்த குடும்பத்து மாற்றுத்திறனாளிக்கான மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாயிலிருந்து 2024இல் 7,500 ஆகி, 2025 ஏப்ரல் முதல் 10,000 ஆகியிருக்கிறது. அரச சேவையில் நூற்றுக்கு மூன்று இடங்களை ஒதுக்கச் சொல்லும் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88, அதன் இலக்கம் காட்டுவதுபோல, 1988ஆம் ஆண்டுக்குரியது. அதைப் படித்துவிட்டு அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒருவரை வேலைக்கு எடுத்த காரியாலயம் எங்கள் பக்கத்தில் இருந்தால் நேரில் போய் வாழ்த்துவேன்.

பத்தாயிரம் ரூபாய் வீட்டுச் செலவுக்கு உதவும். ஆனால் ஒருவருடைய பகற்பொழுதை அது நிறைக்காது. அதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும், செய்ய வேலை வேண்டும். சமூகம் சார்ந்த புனர்வாழ்வு என்ற திட்டம் இதற்காகவே பிறந்தது. குறைபாடுள்ளவரைத் தூரத்து நிலையத்துக்கு அனுப்பாமல், அவருடைய ஊரிலேயே, குடும்பத்தையும் அயலவரையும் வைத்துப் பழக்குவது. அதற்காக உலக சுகாதார ஸ்தாபனம் 1989இல் வெளியிட்ட கைந்நூலை எழுதிய நால்வரில் ஒருவர் இலங்கைப் பெண், இயன்மருத்துவர் பத்மானி மென்டிஸ். நாட்டில் தேசியத் திட்டமாக 1994இல் தொடங்கி, பிரதேச செயலகங்களின் சமூக சேவை உத்தியோகத்தர்கள் வழியாக நடந்து வருகிறது. உலகத்துக்குக் கைந்நூல் எழுதிக் கொடுத்த நாட்டில், சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஓர் உம்மாவுக்கு அந்தத் திட்டத்தின் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வலிக்கிறது.

வேலைக்கு நாம் வெளியே தேடிப் போகத் தேவையில்லை. மருதமுனை கைத்தறிக்குப் பெயர் போன ஊர். தறியில் உட்கார்ந்து சேலை நெய்வது பல வருடத்துத் தேர்ச்சி. ஆனால் அதற்கு முன்னால் நூல் சுற்றும் வேலை ஒன்று இருக்கிறது. நூல் கழியை ராட்டையில் மாட்டி, அதன் நுனியைத் தேடிப் பிடித்து, சிறு குழலில் முடிந்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி மறு கையால் நூலை மேலும் கீழுமாக நடத்தி, நிறைந்ததும் நிறுத்தி, அறுத்து, கூடையில் போட வேண்டும். நமக்கு ஒரே வேலையாகத் தெரிவது உண்மையில் ஏழெட்டு வேலை. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒருவருக்கு நுனியைத் தேடுவது முடியாமலிருக்கலாம். சக்கரம் சுற்றுவது ஒரு வாரத்தில் வந்துவிடும். நிறுத்தும் இடம் பிடிபடாவிட்டால் குழலில் ஒரு சிவப்புக் கோடு போதும். நுனியைப் பக்கத்திலிருப்பவர் எடுத்துக் கொடுக்கட்டும். இப்படி வேலையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு பயிற்றுநர் இருந்தால், ஒரு தறிக்கூடத்தில் இரண்டு மூன்று பேருக்கு உண்மையான கூலி வேலை கிடைக்கும். பன் பாய்க்குப் புல்லைத் தரம் பிரிப்பது, கடையில் சீனி நிறுத்துப் பொதி செய்வது, நாற்றுமேடைக்குப் பைகளில் மண் நிரப்புவது எல்லாம் இதே கணக்கில் வரும். கூலி முக்கியம். அனுதாபத்துக்காக வாங்கும் மெழுகுதிரியும் வாழ்த்து அட்டையும் ஒரு பெருநாளோடு நின்றுவிடும்.

மற்ற ஊர்களைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று சிவபூமி பாடசாலையை ஆறு திருமுருகன் 2004இல் தொடங்கினார். ஊர் மக்களின் கொடையில் எழுந்து நிற்பது அது. கனடாவின் ஸ்காபரோவில் பரதநாட்டிய ஆசிரியை கீதா மூர்த்தி 2008இல் தொடங்கிய தெற்காசிய ஓட்டிசம் விழிப்புணர்வு நிலையம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தங்கள் மொழியிலேயே பேச ஓர் இடமானது. ஸ்காபரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 18 வயது தாண்டியவருக்கு, வகுப்புக்குப் போகவும் துணைக்கு ஆள் வைக்கவும், பார்த்துக்கொள்ளும் தாய்க்கு ஓய்வு கிடைக்கவும் அரசு தனியே பணம் ஒதுக்குகிறது. இந்தியாவிலோ, பெற்றோரின் “எனக்குப் பிறகு?” என்ற கேள்வியே சட்டமானது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஓட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்காகவே இயற்றப்பட்டது. 18 வயதான பின் சட்டப் பாதுகாவலரை மாவட்டத்திலுள்ள குழுவே நியமிக்கலாம். நீதிமன்றப் படியேறி அலைய வேண்டியதில்லை. இங்கே இன்னும் மாவட்ட நீதிமன்றமும் சித்த சுயாதீனமற்றவர் என்ற பழைய சட்டப் பிரிவும்தான் வழி.

வெளிநாட்டு நிறுவனங்களை நம்பியிருக்க முடியாது என்பதை இந்தக் கரை நன்றாக அறியும். 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதற்குப் பின் வந்த உதவிகள் திட்டக் காலம் முடிந்ததும் போய்விட்டன. பள்ளிவாசல் போகாது. ஸகாத் வருடா வருடம் வரும். ஏழை மாற்றுத்திறனாளிக்கு ஸகாத் கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. இவர்கள் பகலில் வந்துபோக ஒரு நிலையம் வைத்தால், அதன் வாடகையையும் பயிற்றுநரின் சம்பளத்தையும் அதிலிருந்து கொடுக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு வரலாம். ஸதகாவுக்கும் வக்புக்கும் அந்தத் தடையில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை ஒரு மண்டபத்தைப் பகலில் திறந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் மரியாதையோடு சொல்ல வேண்டும். “கேள்வி கணக்கில்லாத புள்ள, நேரா சுவர்க்கம்” என்று ஆறுதல் சொல்வோம். தாயின் மனதுக்கு அது பெரிய மருந்து. அந்த மருந்தைக் குடித்துவிட்டு நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. மறுமையில் அவருக்குக் கேள்வி இல்லாமலிருக்கலாம், நமக்கு இருக்கிறது. முப்பது வயது மனிதரை “வா மனே, தின்னு மனே” என்று மட்டும் நடத்தாமல், எந்தச் சாரம் உடுக்கப் போகிறார், கூலியில் என்ன வாங்கப் போகிறார் என்று அவரிடமே கேட்கலாம். ஜும்ஆவுக்கு வந்து இடையில் சத்தம் போட்டால் வெளியே அனுப்பாமல், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆண்களாவது பள்ளி, கடைத்தெரு, கடற்கரை, கரைவலை இழுக்கும் இடம் என்று கொஞ்சம் நடமாடுகிறார்கள். பெண்கள் வாசலைத் தாண்டுவதில்லை. யாரும் ஏதும் செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் உம்மாமார் கதவைச் சாத்துகிறார்கள். அந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஆகவே நிலையம் ஒன்று வருமானால் பெண்களுக்கென்று தனி நேரமோ தனி இடமோ முதல் நாளிலிருந்தே வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விட்டது ஒருபோதும் நடப்பதில்லை. பயிற்றுநர்கள் பெண்களாக இருக்க வேண்டும். உள்ளேயே மலசலகூடம், மாதவிடாய் நாட்களுக்குத் தேவையான வசதி, தண்ணீர். அழைத்துவரும் முச்சக்கர வண்டிக்காரர் ஊருக்குத் தெரிந்தவராகவும், கூடவே ஒரு பெண் துணையாகவும் வர வேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து ளுஹர் தொழுகை வரை திறந்திருந்தால் போதும். அந்த மூன்று மணித்தியாலத்தில் மகள் பன் பாய் பின்னப் பழகுவாள், உம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் தன் பிறஷரைப் பார்த்துவிட்டு வருவார்.