நிறத்தால் பால் அறியும் கோழிக் குஞ்சுகள்

முட்டைக்காகக் கோழி வளர்ப்போருக்குச் சேவல் குஞ்சுகள் தின்னும் தீவனம் வீண் செலவாகும். முதல் உலகப் போர்க்காலத்தில், இறகு நிறத்தைக் கொண்டே குஞ்சின் பாலை அறியலாம் என்று எடுத்துக்காட்டிய கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட், பின்னர் மைக்கேல் பீஸுடன் சேர்ந்து, அப்பண்பு தலைமுறைதோறும் நிலைக்கும் ‘கேம்பார்’ இனத்தை உருவாக்கினார்.

இதன் அடிப்படை எளிது. வியக்கத்தக்க அழகும் உடையது. சேவலுக்கு இரண்டு ‘இசட்’ குரோமோசோம்களும், பெட்டைக்கு ஒரு ‘இசட்’டும் ஒரு ‘டபிள்யூ’வும் உள்ளன. இறகில் குறுக்கு வரிகளை உண்டாக்கி நிறத்தை வெளிறச் செய்யும் மரபணு ‘இசட்’டில் அமைந்திருப்பதால், தூய இனத்தில் சேவல் அதை இரட்டையாகவும் பெட்டை ஒற்றையாகவும் பெறுகின்றன. கேம்பாரைப் போலவே, வரியுள்ள பிளைமவுத் ராக், பழுப்பு லெக்ஹார்ன் ஆகிய கோழி இனங்களைக் கலந்து உருவாக்கிய ‘லெக்பார்’ இனத்தில் இதன் விளைவு கண்கூடு: பெட்டைக் குஞ்சின் முதுகில் கரும்பழுப்புக் கோடு விளிம்பு தெளிந்து ஓடும், சேவல் குஞ்சின் தூவியோ வெளிறி, கோடு மங்கி, உச்சந்தலையில் வெண்புள்ளி பெரிதாகப் பரவியிருக்கும்.

இரு வேறு இனங்களைக் கலந்து பெறும் நிற வேறுபாடு முதல் தலைமுறையோடு குலைந்துவிட, தனி இனமாக நிலைபெற்ற லெக்பாரில் அது தொடர்வதால், தன் கோழிகளிலிருந்தே குஞ்சு பொரிக்க விரும்பும் சிறு பண்ணையாளருக்கு இவ்வினமே மேலானது. ஆயினும் கோடு தெளிவற்ற பெட்டைகளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி வருவது அவசியம்.