உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் பெடல் சுற்றிக் கேட்ட வானொலி

1990-இல் இலங்கையில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. ஆனாலும் வீடுகளில் றேடியோ ஓயவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சில்லில் உரசும் டைனமோ, விளக்குக்கான 6 வோல்ட் மின்சாரத்தைத் தரும். அது ஆடலோட்டம், டயோடுகளை இணைத்து நேரோட்டமாக்கினால்தான் றேடியோ பேசும். சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். கேட்பவரே உழைத்து ஒலியை வரவழைத்த வானொலிக் கலை இது.

வானொலிமேல் இந்தப் பிடிப்பு ஒரு நாளில் வந்ததல்ல. கொழும்பில் 1925-இல் ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்கள் யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே காற்றில் ஏற்றின: இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', எழுபதுகளில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்'. கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரன், 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் ஒரு பஸ்ஸையும் அதன் கொண்டக்டரையும் பயணிகளையும் ஒரே தொண்டையால் படைத்தார். கேட்பவருக்கு மேடையோ உடுப்போ தேவைப்படவில்லை. சனம் சிரித்துச் சிரித்துக் கேட்டது.

அக்கால ஒலிப்பதிவுகள் பல அழிந்துவிட்டன. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய வானொலி நாடகக் கசெற் ஏதும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எண்ணிம ஆவணமாக்கும் நூலக நிறுவனத்திடம் சேர்ப்பியுங்கள்.