பந்தியில் அமரும் இறால்

உயிரினங்களுக்கு இடையிலான உறவுகளைக் கற்பிக்கும்போது கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைகிறோம். இரண்டுக்கும் நன்மை என்றால் ‘+ +’. ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குத் தீமை என்றால் ‘+ –’. ஒன்றுக்கு நன்மை, மற்றதற்கு எதுவுமில்லை என்றால் ‘+ 0’. மாணவர்கள் இதை எளிதில் மனப்பாடம் செய்துவிடுவர். ஆனால், “அந்தச் சுழியத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?” என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வோம்? விடை தேட ஒரு சிறிய இறால் நமக்கு உதவும்.

வெப்பமண்டலக் கடல்களில் சீனியா என்னும் மென்பவளம் வாழ்கிறது. இதற்குக் கடினப் பவளத்தைப் போன்ற சுண்ணாம்புக் கூடு கிடையாது. சதைப்பற்றான தண்டின் உச்சியில் பாலிப்புகள் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு பாலிப்பிலும் இறகு போன்ற எட்டு உணர்நீட்சிகள் உண்டு. இப்பேரினத்தின் பல இனங்களில் அவை கை விரல்களைப் போல விரிந்து மூடிக்கொண்டே இருக்கும். உடலுக்குள் வாழும் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவளிக்கின்றன.

இந்த உணர்நீட்சிகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள இறால் ஒன்று ஒளிந்திருக்கும். அதன் நிறம் பவளத்தின் நிறத்தோடு ஒத்திருப்பதால் எளிதில் கண்ணில் படாது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி கெம்ப், 1925ஆம் ஆண்டில் இதை விவரித்து ‘ஹிப்போலிட் கமென்சாலிஸ்’ எனப் பெயரிட்டார். ‘கமென்சாலிஸ்’ என்னும் லத்தீன் சொல்லுக்கு ‘ஒரே மேசையில் உண்பவர்’ என்று பொருள். நம் வழக்கில் சொன்னால், ஒரே பந்தியில் அமர்பவர். நாம் கற்பிக்கும் ‘உடன் உண்ணும் நிலை’ என்ற சொல்லின் பொருளும் இதுவே.

இறாலுக்கு மறைவிடம் கிடைக்கிறது. பவளத்துக்கு?

பவளங்களில் வாழும் இறால்கள் பல, பவளம் சுரக்கும் கோழையையும் அதில் ஒட்டும் துகள்களையும் உண்கின்றன. கோழையை உருவாக்கப் பவளம் ஆற்றலைச் செலவிடுகிறது. எப்படியும் நீரில் கரைந்துபோகும் கோழையைத்தான் இறால் தின்கிறது என்றால் இழப்பில்லை, ‘0’ சரி. தின்பதால் கூடுதலாகச் சுரக்க நேர்ந்தால் அது ‘–’. இறால் எதிரியை விரட்டினால் ‘+’. கடினப் பவளத்தில் வாழும் ‘ஆல்ஃபியஸ் லாட்டினி’ என்னும் சொடுக்கு இறால், பவளத்தைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திர மீனைத் தாக்கி விரட்டுகிறது. அங்கே உறவு ‘+ +’ ஆகிவிடுகிறது.

ஆகவே, சுழியம் என்பது ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற உறுதிமொழி அல்ல. ‘இதுவரை அளந்ததில் வேறுபாடு தெரியவில்லை’ என்பதே அதன் பொருள்.

கடலைப் பார்த்திராத மாணவர்களுக்கும் இதை உணர்த்தலாம். மேயும் மாட்டின் பின்னால் செல்லும் கொக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாடு நடக்கையில் கிளம்பும் பூச்சிகளை அது பிடிப்பதால் பாடநூல்கள் அதை ‘+ 0’ என்கின்றன. நாமோ அதை ‘உண்ணிக்கொக்கு’ என்கிறோம். கொக்கு எத்தனை முறை புல்லில் கொத்துகிறது, எத்தனை முறை மாட்டின் உடலில் கொத்துகிறது என்று அரை மணி நேரம் எண்ணி வரட்டும். அதன் பிறகு அட்டவணையை அவர்களே நிரப்பட்டும்.