சங்கிலியை முதலில் அவிழுங்கள்

தேங்காய் பறிக்க ஆள் வந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை நாயைக் கட்டுவதுதான். அன்றும் கருப்பனைக் கொய்யா மரத்தடியில் சங்கிலியில் கட்டிவிட்டு, மரம் ஏற வந்தவருக்கு மோர் எடுக்க உள்ளே போனேன். காய்ந்த மட்டையை அரிவாளால் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, "கதண்டும்மா! வெளிய வராதீங்க!" என்று ஒரு கத்தல். பாதி மரம் சறுக்கி, மீதி குதித்து, துண்டால் தலையை மூடியபடி அவர் திண்ணைக் கதவுக்குள் வந்து விழுந்தார். கழுத்திலும் தோளிலும் நான்கு கொட்டு.

கருப்பனுக்கு ஓட இடமில்லை. சங்கிலி எட்டும் தூரம்வரை ஓடினான், சங்கிலி சுண்டியது, விழுந்தான், எதிர்ப்பக்கம் ஓடினான், மறுபடி விழுந்தான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் அந்தக் கொக்கியைக் கழற்றுவதற்குள் அவன் மூக்கு, உதடு, காதுமடல், அடிவயிறு எல்லாம் கொட்டு வாங்கியிருந்தான். கட்டியது என் கை.

அவன் பிழைத்துவிட்டான். ஆனால் தோட்டமும் நாயும் உள்ள எந்த வீட்டிலும் இது நடக்கலாம். எனக்கு அன்று தெரியாமல் போனதை மற்றவர்களாவது முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில், எந்தக் குளவி என்று பார்க்க வேண்டும். நாம் குளவி என்று சொல்வது ஒரே பூச்சியை அல்ல. சுவர் மூலையிலும் கதவு நிலையிலும் ஈரமண்ணை உருட்டி வந்து கூடு கட்டுகிறதே, வேட்டுவன் குளவி, அது தனியாக வாழ்வது. காக்கப் பெரிய குடும்பம் இல்லாததால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அது கொட்டுவது அபூர்வம். "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் பாட்டிகள் சொன்னது இதை வைத்துத்தான். உண்மையில் அந்தப் புழு குளவியாவதில்லை. கொட்டி மயக்கிய புழுவை, சில இனங்களில் சிலந்தியை, கூட்டுக்குள் அடைத்து அதன்மேல் குளவி முட்டையிடுகிறது; பொரித்து வரும் குஞ்சுக்கு அது உணவு. இந்த மண்கூட்டை இடிக்க எந்தக் காரணமும் இல்லை.

அடுத்தது, வாழையிலைக்கு அடியிலும் ஓட்டுச் சரிவிலும் காகிதம்போன்ற அறைகள் வெளியே தெரியும்படி தொங்கும் கூடு. மரநாரை மென்று எச்சிலோடு குழைத்துக் கட்டுவது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தது இந்த வகையில் ஒன்றைத்தான். இவை நம் செடிகளிலிருக்கும் புழுக்களைப் பிடித்துப்போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. கத்தரியும் வெண்டையும் போட்டவர்களுக்கு இதைவிட நல்ல கூலியாள் கிடைக்காது. ஆள் நடமாட்டமும் நாய் நடமாட்டமும் இல்லாத உயரத்தில் கட்டியிருந்தால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்லக்கூடியது. தஞ்சைப் பக்கம் கதண்டு, தெற்கே கடந்தை, வேறு இடங்களில் கதம்ப வண்டு, செய்தித்தாள்களில் விஷ வண்டு. வண்டு இனமே அல்ல, பெருங்குளவி. கறுத்த உடல், வயிற்றின் மேற்பகுதியில் பட்டையாக மஞ்சள். ஒரு வகை பனை, தென்னை, மூங்கில் புதரில் பானை அளவுக்குக் கூடு தொங்கவிடும். இன்னொன்று மரப்பொந்திலும் மண்ணுக்குள் இருக்கும் வளைகளிலும் கட்டும். நாய்க்கு மிக ஆபத்தானது இந்த இரண்டாவதுதான். நாய் முகர்ந்து தோண்டும் இடமும் அதுவே. தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கை நம் தோலில் விட்டுவிட்டுச் சாகும். குளவியின் கொடுக்கு கழன்று வராது, திரும்பத் திரும்பக் கொட்டும். நசுக்கினால் அதிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவற்றைச் சண்டைக்கு அழைக்கும். அதனால்தான் ஒன்றை அடித்தவரை ஐம்பது துரத்துகின்றன.

கதண்டுக் கூடு என்று உறுதியானால் நாம் தொடக்கூடாது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது, மண்ணெண்ணெய்ப் பந்தத்தைக் கம்பில் கட்டி நீட்டுவது, இரவோடு இரவாக வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தெளிப்பது, இந்த மூன்றும் நம் ஊர்களில் நடக்கின்றன. கூரை பற்றியிருக்கிறது, கொளுத்தியவரின் கை வெந்திருக்கிறது. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நெருப்பைக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆவது பிரிவில் குற்றம். 6 மாதம்வரை சிறை உண்டு.

செய்ய வேண்டியது 101-க்கோ 112-க்கோ அழைப்பது. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை நெருப்பு அணைக்க மட்டும் இல்லை; கதண்டுக் கூடுகளை அகற்ற அவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். கூடு எந்த மரத்தில், ஏறக்குறைய எத்தனை அடி உயரத்தில், பக்கத்தில் பள்ளியோ மின்கம்பியோ இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். வீட்டில் நாய் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வேலை செய்வார்கள், எல்லாக் குளவியும் கூடடைந்திருக்கும் நேரம் அது.

அவர்கள் வரும் முன்பே நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கட்டி வைப்பதல்ல, உள்ளே வைப்பது. கதவும் ஜன்னலும் சாத்தி, தோட்டத்துப் பக்க விளக்கை அணைத்து, அதன் தண்ணீர்ச் சட்டியையும் சோற்றுத் தட்டையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெளியே விட்ட தட்டில் மருந்து படிந்தால் காலையில் அதைத்தான் நக்கும். விடிந்ததும் அவிழ்த்துவிடாதீர்கள். வெளியே தங்கிய குளவிகள் கூடு இருந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். கீழே செத்துக் கிடப்பவற்றையும் நம்பக்கூடாது. செத்த குளவியின் கொடுக்கும் அழுத்தினால் குத்தும், நாய்க்கோ கீழே கிடப்பதை வாயில் கவ்வாமல் இருக்க முடியாது. நீள விளக்குமாறால் கூட்டி, மூடி, அப்புறப்படுத்திய பிறகுதான் நாய்க்குத் தோட்டம்.

இனி, கொட்டிவிட்டால்.

அன்று கருப்பனின் முகத்தைப் பார்த்த அத்தை சுண்ணாம்பு டப்பாவோடு ஓடிவந்தார். அவர் காலத்து வைத்தியம் அது. நான் தடுக்கவில்லை, தொலைபேசியில் இருந்த கால்நடை மருத்துவர்தான் தடுத்தார். "ஒண்ணும் தடவாதீங்கம்மா, நக்கினா வாயும் வெந்துபோகும். மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க, ஈறு என்ன நிறத்துல இருக்கு?" தூக்கிப் பார்த்தேன். எப்போதும் ரோஜா நிறத்தில் இருக்கும் ஈறு வெள்ளைத்துணிபோல இருந்தது. "உடனே கொண்டாங்க."

இந்த ஒரு சோதனையை நாய் வளர்க்கும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முகம் மட்டும் வீங்கி, நாய் நன்றாக நடந்து, நன்றாக மூச்சுவிட்டால் ஈரத்துணியில் பனிக்கட்டி சுற்றி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் கேட்கலாம். ஈறு வெளுப்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. மனிதர்களுக்கு ஒவ்வாமை தோலிலும் மூச்சிலும் தெரிவதுபோல, நாய்களுக்குப் பல நேரம் முதலில் வயிற்றில்தான் தெரியும். குளவியைக் கவ்வப்போய் வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டு வாங்கியிருந்தால், வெளியே வீக்கம் தெரியாமலே மூச்சு அடைக்கலாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள். நமக்கு மருந்து, அதற்கு விஷம். ஒவ்வாமை மாத்திரையிலும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நிறையக் கொட்டு வாங்கிய நாயை முதல் நாள் தேறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். கருப்பனின் சிறுநீர் மறுநாள் காலையில் கறுத்த டீ நிறத்தில் போனது. அதைப் பார்த்துச் சொன்னதால்தான் அன்றும் மறுநாளும் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

மனிதர்களுக்கும் இதே கதைதான். குளவி விஷத்துக்குப் பாம்புக்கடிக்குப் போல முறிமருந்து கிடையாது. ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உயிர்காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. ஒரே ஒரு கொட்டுக்கும் அந்த அதிர்ச்சி வரலாம். உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், மயக்கம் என்றால் 108-ஐ அழையுங்கள். மரம் ஏறியவரை அன்று அரசு மருத்துவமனைக்கு அனுப்பியபோது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்: சீட்டில் "கதண்டு கொட்டியது" என்று நேரத்தோடு எழுதித் தரவேண்டும் என்று. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம்போல ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீடாக இருந்தாலும், தனியார் காப்பீடாக இருந்தாலும், என்ன நடந்தது என்பதற்கு முதல் மருத்துவப் பதிவுதான் சாட்சி. வெறும் "வீக்கம், காய்ச்சல்" என்று எழுதிய சீட்டை வைத்துப் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. கூலிக்கு வருபவருக்கு இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொந்த வீட்டுத் தோட்டத்தில் முடிவு நம் கையில். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில்தான் சிக்கல். என் தோழி இருக்கும் குடியிருப்பில் ஒருநாள் சங்கம் யாருக்கும் சொல்லாமல் பூச்சி ஒழிப்பு ஆட்களை வரவழைத்து, செம்பருத்தி வேலியில் இருந்த சின்னக் குளவிக் கூட்டுக்கு மருந்து அடித்தது. அடித்த ஈரம் காயுமுன் மூன்று வீட்டு நாய்கள் அந்த வேலியோரம் நடந்தன. அன்றிரவு ஒன்றுக்கு வாயில் நுரை, உடம்பெல்லாம் நடுக்கம். குளவிதான் கொட்டிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எச்சில் வடிவதும் வாந்தியும் இரண்டுக்கும் பொது; தசைத் துடிப்பும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவதும் ஒருவகைப் பூச்சிமருந்துக்கு உரியவை. அந்த மருந்துக்கு அட்ரோபின் என்று மாற்றுமருந்து இருக்கிறது. என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரிந்தால்தான் எதைக் கொடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்ய முடியும். அன்று யாருக்கும் தெரியவில்லை.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி பொது இடத்தைப் பராமரிப்பது சங்கத்தின் வேலை. அதற்குக் காசு கொடுப்பவர்கள் நாம். எனவே எழுத்தில் கேளுங்கள்: எந்த நாள், என்ன மருந்து, எத்தனை மணி நேரம் தோட்டத்தை மூட வேண்டும், வரும் நிறுவனத்திடம் பூச்சி ஒழிப்பு உரிமம் இருக்கிறதா. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்தான் அந்த உரிமம் வழங்கப்படுகிறது. டப்பாவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. குழந்தையும் நாயும் உலவும் தோட்டத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் வரவே கூடாது என்று நான் சொல்வேன்.

அறிவிக்காமல் அடித்து நாய்க்குக் கேடு வந்தால், அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. ரசீது, டப்பாவின் படம், கால்நடை மருத்துவரின் சான்று மூன்றும் வேண்டும். நாய் இறந்துபோனால், எவ்வளவு வேதனையாக இருந்தாலும் புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவமனையில் உடற்கூறு பரிசோதனை கேளுங்கள். குளவிக்கு வைக்கிறேன் என்ற பெயரில் தெருநாய்க்கு விஷம் வைப்பவர்களும் உண்டு. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு இன்னமும் 10 முதல் 50 ரூபாய் அபராதம்தான் என்பது மனத்தை வருத்துகிறது. ஆனால் நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு விலங்குக்கு விஷமிட்டுக் கேடு விளைவிப்பவருக்கு 5 ஆண்டுவரை சிறை என்கிறது. புகார் எழுதும்போது இந்தப் பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கூடு பக்கத்துக் காலிமனையில் இருந்து, உரிமையாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால்? கதண்டாக இருந்தால் தீயணைப்பு நிலையம்தான் முதல் வழி. புதர் மண்டிய மனையையே சுத்தம் செய்ய வைக்க வேண்டுமானால் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனு, அல்லது முதல்வரின் உதவி எண் 1100, அல்லது ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டம். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில் கோட்டாட்சியருக்கு இருக்கிறது. மனுவோடு கூட்டின் படத்தையும், யாருக்காவது கொட்டியிருந்தால் மருத்துவச் சீட்டையும் இணையுங்கள்.

எங்கள் தோட்டத்தில் சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. விழுந்த கொய்யாவும் சப்போட்டாவும் அன்றன்றே பொறுக்கப்படுகின்றன. அழுகிய பழத்துக்குள் குளவி தலைவிட்டு உட்கார்ந்திருக்கும், நாய் அப்படியே கடிக்கும். கறிச்சோறு இப்போது வெளியே வைப்பதில்லை. ஞாயிறுதோறும் நாய்க்கூண்டின் தகரக் கூரைக்கு அடியிலும், மீட்டர் பெட்டியிலும், கவிழ்த்து வைத்த பூந்தொட்டிகளிலும் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஐந்தாறு அறைகளும் ஒற்றைக் குளவியுமாக இருக்கும்போதே கண்ணில் பட்டால், அந்தி நேரத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் போதும், எந்த விஷமும் வேண்டாம். வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் அதையும் வேறொருவர்தான் செய்ய வேண்டும்.

மரம் ஏற அதே ஆள்தான் வருகிறார். வந்ததும் நாங்கள் இருவரும் மரத்தைச் சுற்றி நின்று குருத்திலிருந்து கடைசி மட்டைவரை அண்ணாந்து பார்க்கிறோம். "நாய் எங்கம்மா?" என்று கேட்பார். கூடத்தில், கதவு சாத்தி, சங்கிலி இல்லாமல் கருப்பன் படுத்திருப்பான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தளைக்கயிற்றைக் காலில் மாட்டுகிறார்.